புற்றில் முளைக்காத காளான்

மழை விட்டு வெகுநேரமாகியும் தென்னந்தோப்புக்குள் சொட்டு விழும் சத்தம் நிற்கவில்லை. தோப்பின் கோடியில், வேப்பமரத்தை ஒட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு கரையான் புற்று. அதன் காலடியில் ஈர மண்ணைப் பிளந்துகொண்டு வெள்ளை வெள்ளையாகக் காளான்கள் தலைகாட்டியிருந்தன.

அவற்றைப் பார்க்கவே சௌந்தர்யாவுக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதுதானுங்க மேடம். இந்தப் புத்துல பறிச்ச காளான்தான் அப்பாவைக் கொன்னுடுச்சுன்னு ஊரே சொல்லுது."

கயல்விழி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு புற்றின் அருகே குந்தினாள்.

"பாம்பு இருக்குமுங்க்கா," என்றான் சின்னராஜ், நான்கடி தள்ளி நின்றபடி.

"இருந்தா நீ வந்து கொஞ்ச நேரம் பேசு. அதுவே ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிடும்."

கயல்விழி தாவரவியல் படித்து, கல்லூரியில் பாடம் நடத்தி, ஒருநாள் அதெல்லாம் போதும் என்று சேலத்தில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். சின்னராஜ் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுத் திரிந்துவிட்டு அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். வண்டி ஓட்டுவான், ஆள் தேடுவான், கேட்காமலே கருத்துச் சொல்வான்.

இன்று காலை சௌந்தர்யா அழுத குரலில் போன் செய்திருந்தாள். அவள் அப்பா சின்னண்ணன், புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் தோட்டமும் தோப்பும் வைத்திருந்தவர், மனைவியை இழந்து தனியாக இருந்தார். மாரியாயி என்ற பெண் தினமும் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை இரவு காளான் குழம்பு. சின்னண்ணனும், அதே தோட்டத்தில் கோழிப்பண்ணை நடத்தும் அவருடைய தங்கை மகன் தீனதயாளனும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விடிவதற்குள் இருவருக்கும் வாந்தியும் பேதியும். பக்கத்து ஊர் கிளினிக்கில் அடுத்தடுத்த படுக்கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். சர்க்கரையும் வயதும் சேர்ந்த சின்னண்ணனின் உடம்பு தாங்கவில்லை. திங்கள் இரவே போய்விட்டார். பெங்களூரிலிருந்து சௌந்தர்யா வந்து சேர்ந்தபோது அப்பாவின் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். நேற்று எரித்தாகிவிட்டது.

தீனதயாளன் பிழைத்துக்கொண்டான். இன்று மாலை மாரியாயி மேல் போலீசில் புகார் கொடுக்கப் போகிறான்.

"உங்களுக்கு எதனால சந்தேகம் வந்தது?" என்றாள் கயல்விழி, புற்றின் மேலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்பாவுக்குக் காளான்னா உசுருங்க. சின்ன வயசுல இருந்து தின்னு வளர்ந்தவரு. மாரியாயி அக்காவும் எத்தனையோ மழைக்குப் பறிச்சிருக்குது. ரெண்டு பேரும் சேர்ந்து தப்புப் பண்ணுவாங்களா?"

கயல்விழி ஒரு காளானைச் சுற்றி விரலால் மண்ணைத் தோண்டினாள். முழங்கை மறையும் வரை தோண்டிவிட்டு, மெல்ல, ஒரு நூலை இழுப்பதுபோல இழுத்தாள். குடை வந்தது. தண்டு வந்தது. அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. ஒல்லியான, நீளமான, கறுத்த வால்.

"இதான் புற்றுக்காளான். கரையான் பூமிக்குள்ள தோட்டம் போட்டு வளர்க்கறது. அங்க இருந்து மேல வர்றதாலதான் இவ்வளவு நீள வால். கரையான் இல்லைன்னா இது இல்லை. ஒவ்வொரு காளானுக்கும் ஒரு வீடு இருக்கு சின்னராஜ். காளானைப் பார்த்தா வீட்டைச் சொல்லலாம். வீட்டைப் பார்த்தா, எந்தக் காளான் அங்க இருக்க முடியாதுன்னும் சொல்லலாம்."

"அப்ப அதுகிட்ட ஆதார் கார்டு கேளுங்க்கா. வேலை சுலபமா முடிஞ்சுபோவும்."

"இந்த வால்தான் ஆதார் கார்டு."

மாரியாயியின் வீடு ஊரின் கடைசியில் இருந்தது. பட்டப்பகலில் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கூரை ஓட்டில் இரண்டு இடத்தில் புதிய பொத்தல். வாசலில் கருங்கல் துண்டுகள் கிடந்தன. சௌந்தர்யா குரல் கொடுத்த பிறகுதான் கதவு ஒரு சாண் திறந்தது.

"அம்மிணி, நான் ஒண்ணும் பண்ணலீங்க." மாரியாயியின் குரல் கம்மிப் போயிருந்தது. "கொழாயில தண்ணி புடிக்க உடமாட்டேங்கறாங்க. புள்ளைகளப் பள்ளிக்கூடத்துல இருந்து திருப்பி அனுப்பிப்போட்டாங்க. ராத்திரியெல்லாம் கல்லு உழுவுது. இன்னிக்குப் பொழுதோட போலீசு வருமாமா?"

"அதுக்குத்தான் வந்திருக்கோம்," என்றாள் கயல்விழி. "காளானை எங்க வெச்சு ஆஞ்சீங்க?"

"பெரியவரு ஊட்டுப் பொடக்காணியிலதானுங்க. வாலையெல்லாம் வாழைமரத்தடியில போட்டேன். பாதிய அங்க கொழம்பு வெச்சுப்போட்டு, மீதிய எங்கூட்டுக்குக் கொண்டாந்தேன். நானும் புள்ளைகளும் அதத்தான் தின்னோம். எங்களுக்கு ஒரு ஏப்பங்கூட வரலீங்க!"

"குழம்பு வெச்சிட்டு நீங்க கிளம்பறப்போ வீட்டுல யார் இருந்தா?"

"ஆருமே இல்லீங்க. பெரியவரு தண்ணி கட்டப் போயிருந்தாரு. நான் படலச் சாத்தறப்ப தீனாத் தம்பி எதுக்க வந்தாரு. ஞாயித்துக்கெழமையானா அங்கதான் சாப்பாடு அவருக்கு. 'இன்னிக்குக் காளான்தானக்கா, காலையில நீ பறிக்கறதப் பாத்தேன்'னாரு. சிரிச்சுட்டுத்தான் போனாரு."

திரும்பி நடக்கும்போது சின்னராஜ் சொன்னான்: "பாதிக் காளான் தின்னவங்க கல்லு மாதிரி இருக்காங்க. மீதி தின்னவங்கள்ல ஒருத்தர் போயிட்டாரு. ஒரே காளான், ரெண்டு குணமாங்க்கா?"

"ஒரே குணம்தான். ரெண்டு காளான்."

சௌந்தர்யா சட்டென்று நின்றாள். மேற்கே மறுபடியும் மேகம் கூடிக்கொண்டிருந்தது.

சின்னண்ணன் வீட்டுப் புறக்கடையில் வாழைமரத்தடியைக் கயல்விழி குச்சியால் கிளறினாள். மாரியாயி சொன்னது உண்மை. அங்கே கிடந்த ஒவ்வொரு துண்டும் நீளமான கறுத்த வால். வேறு எதுவும் இல்லை.

"இன்னொரு காளானை ஆஞ்ச குப்பை எங்கயாவது இருக்கணும்," என்றாள்.

"செஞ்சவன் அதப் பத்திரமா வெச்சுட்டா போவான்? பண்ணைக் குழியில வீசியிருப்பான்."

"குழியில கோழிச் சாணம் அள்ற ஆளுங்க இருப்பாங்க. வெளியில எடுத்துட்டுப் போனா பெரியவர் எதிர்லயே வந்திருப்பார். கையில இருக்கறதை உடனே இல்லாமப் பண்ணணும். நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

"தீ வெச்சிருவேன்." சொல்லிவிட்டுச் சின்னராஜே திரும்பிப் பார்த்தான். சுவரோரம் கரி படிந்த வெந்நீர் அடுப்பு இருந்தது. மேலே பெரிய செம்பு அண்டா. "அப்பா தெனமும் வெந்நீர்தானுங்களா குளிப்பாரு?"

"விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு அவரே பத்த வெச்சிடுவாருங்க," என்றாள் சௌந்தர்யா.

சின்னராஜ் மண்டியிட்டு அடுப்புக்குள் கையை விட்டான். மேலாக இரண்டு தென்னம்பாளை. அவற்றுக்கு அடியில் நான்காக மடித்துத் திணித்த ஒரு முட்டை அட்டை.

"ஞாயிறு ராத்திரி இதைத் திணிச்சவன் போட்ட கணக்கு சரிதான்," என்றாள் கயல்விழி மெதுவாக. "விடிஞ்சா பெரியவரே தன் கையால பத்த வெச்சுச் சாம்பலாக்கிடுவார். ஆனா விடிஞ்சப்போ பெரியவர் எந்திரிக்க முடியாமக் கிடந்தார். அதுக்கப்பறம் இது துக்க வீடு. வந்தவங்க எல்லாம் மோட்டார் தண்ணியில குளிச்சுட்டுப் போயிட்டாங்க."

அட்டையை அடுப்புத் திண்டின் மேல் விரித்தாள். குழிகளுக்குள் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"முட்டை அட்டையில முட்டை ஓடு. பெரிய கண்டுபிடிப்புதான் போங்க," என்றான் சின்னராஜ். "நாமக்கல் ஜில்லாவுல முட்டை அட்டை இல்லாத ஊடு எதுன்னு தேடுனாத்தான் துப்பு."

கயல்விழி அதில் ஒன்றை எடுத்து இரு விரலுக்கிடையே மடித்தாள். அது உடையவில்லை. தோல்போல மடிந்தது.

"முட்டை ஓடு மடங்குமா?"

சின்னராஜின் வாய் திறந்தபடி நின்றது.

"குடை விரியறதுக்கு முன்னாடி இந்தக் காளான் ஒரு வெள்ளைப் பைக்குள்ள இருக்கும். அப்போ பார்த்தா அச்சு அசல் முட்டை. அட்டையில அடுக்கி வெச்சா, செக்போஸ்ட்லகூட எவனும் ரெண்டாவது தடவை பார்க்கமாட்டான். பையை உரிச்சுட்டு உள்ளே இருக்கறதை நறுக்கிக் கொதிக்கற குழம்புல போட்டா, காளானோட காளான். ருசிகூட மாறாது. எவ்வளவு கொதிச்சாலும் விஷம் போகாது."

"இது... இது நம்ம தோட்டத்துல முளைக்குதுங்களா?" என்றாள் சௌந்தர்யா.

"தலைகீழா நின்னாலும் முளைக்காது. புற்றுக்காளானுக்குக் கரையான் மாதிரி, இதுக்கு ஒரு மரத்தோட வேர் வேணும். வேரோட சேர்ந்துதான் உசுரு வாழும். அது எந்த மரம்னு..." கயல்விழி அட்டையைத் தலைகீழாகத் தட்டினாள். காய்ந்த ஊசிபோல ஒன்று விழுந்தது. அடிப்பக்கம் ஒன்றாகவும் மேலே மூன்றாகவும் பிரிந்த நீள ஊசி.

"தொடப்பக்குச்சி," என்றான் சின்னராஜ். பிறகு அருகில் குனிந்து பார்த்தான். அவன் குரலிலிருந்த கேலி இறங்கியது. "இல்லீங்க்கா. இத நான் பாத்திருக்கேன். ஊட்டிக்கு டூர் போனப்ப பைன் காட்டுல கால் வெச்ச எடமெல்லாம் இதேதான் கெடந்துச்சு. ரெண்டு தடவ வழுக்கி உழுந்தேன்."

"அதான் வீட்டு விலாசம். பைன் மரத்தடி. இந்தப் பக்கத்து வெயில்ல அந்த மரமும் வராது, அந்த மரம் இல்லாம இந்தக் காளானும் வராது. யாரோ மலையில இருந்து இதைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. முட்டை வண்டியில."

சௌந்தர்யா ஒவ்வொரு சொல்லையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"தீனா மச்சானோட முட்டை வண்டி ஊட்டி லைன்தான் போவுதுங்க. போன வாரம் டிரைவர் லீவுன்னு அவரே ஓட்டிட்டுப் போனாரு. ஆனா மேடம், அவரும்தானே சாப்பிட்டாரு? அவரும்தானே ஆஸ்பத்திரியில கெடந்தாரு? வெசம் வெச்சவரு அதையே எடுத்துச் சாப்பிடுவாரா?"

"அதேதானுங்க்கா எங் கேள்வியும்," என்றான் சின்னராஜ். "எலிக்கு மருந்து வெச்சுட்டுப் பக்கத்துல உக்காந்து பந்தி பரிமாறிக்கறவன எங்கயும் பாத்ததில்ல."

"உங்க அப்பாவுக்கும் அவருக்கும் ஏதாவது மனக்கசப்பு?"

சௌந்தர்யா இல்லை என்று தலையை அசைத்தாள். "அத்தை போன பிறகு அப்பாதானுங்க மச்சானை வளர்த்தாரு. பண்ணைகூட நம்ம நெலத்துலதான் போட்டிருக்காரு. ஆனா... போன மாசம் அப்பா நெலத்தை வித்துட்டு என்கூட பெங்களூர் வந்துடறேன்னு சொன்னாரு. பண்ணையை வேற எடத்துக்கு மாத்திக்கச் சொல்லியிருந்தாராம்."

கயல்விழி கைபேசியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள். சேலத்தில் பெரிய மருத்துவமனை ஒன்றில் கல்லீரல் மருத்துவராக இருந்த கிருத்திகா அவளுடைய பள்ளித் தோழி. உரித்த பையின் படத்தை அனுப்பினாள். காளானின் பெயரைச் சொன்னாள். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள். ஒரு முறை, "கொஞ்சமா சாப்பிட்டிருந்தாலுமா?" என்று கேட்டாள். மறுமுனையில் வந்த பதிலில் அவள் முகம் வெளுத்தது.

"என்னுங்க்கா?"

"பண்ணை எங்க இருக்கு? வண்டியை எடு. சீக்கிரம்."

"ஆள் ஓடிப்போயிருவான்னு பயமா?"

"ஓட மாட்டான்," என்றாள் கயல்விழி. "அதுதான் பயம். சௌந்தர்யா, நீங்க இங்கயே இருங்க."

தோட்டத்தின் மறுகோடியில் நீளநீளமாக மூன்று கொட்டகைகள். உள்ளே ஆயிரக்கணக்கான கோழிகளின் இரைச்சல். ஜீப் கதவை அடைத்த சத்தத்துக்கு அத்தனையும் ஒரே நொடியில் வாயடைத்துக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன. அந்த அமைதி சின்னராஜுக்குப் பிடிக்கவில்லை.

தீனதயாளன் வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீறோடு, முட்டை வண்டியின் மேல் சாய்ந்து நின்றிருந்தான். முப்பதைத் தாண்டிய வாட்டசாட்டமான ஆள். அவர்களைப் பார்த்ததும் சிரித்தான்.

"வாங்க. சௌந்தர்யா ஏதோ டிடெக்டிவ்னு சொல்லுச்சு. நீங்கதானுங்களா? நான் இப்பத்தான் ஸ்டேசனுக்குக் கெளம்பறேன். அந்த மாரியாயிய உடக்கூடாதுங்க. என்ற மாமனையே கொன்னுபோட்டா."

"உடம்பு எப்படி இருக்கு?" என்றாள் கயல்விழி.

"சாமி புண்ணியத்துல ஒண்ணுமே இல்லீங்க. திங்கக்கெழமை உசுரு போயிட்டுத்தான் வந்துச்சு. நேத்து எல்லாம் சுத்தமா நின்னுபோச்சு. காலையில இட்லிகூடத் தின்னேன். நாக்குதான் கசந்துட்டே இருக்குது. கொஞ்சம் அரிப்பு. மத்தபடி நான் பழைய தீனாதான்."

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க."

அவன் சிரித்தபடியே முன்னால் வந்தான். மேகத்துக்கு அடியிலிருந்து சாய்வாக விழுந்த வெயில் அவன் முகத்தில் பட்டது. கயல்விழி அவன் கண்களையே பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

பிறகு பையிலிருந்து முட்டை அட்டையை எடுத்து வண்டியின் பானெட்டில் வைத்தாள். அதன் மேல் மடிந்த வெள்ளைத் தோல். பக்கத்தில் மூன்றாகப் பிரிந்த ஊசி.

"வெந்நீர் அடுப்புல இருந்தது. யாரும் பத்த வைக்கலை."

தீனதயாளனின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் அட்டையிலிருந்து ஊசிக்கும், ஊசியிலிருந்து அட்டைக்கும் போய் வந்தன.

"இதெல்லாம் என்னுங்க? அட்டை எல்லார் ஊட்லயும்தான் கெடக்குது. நானும்தான அந்தக் கொழம்பத் தின்னேன்? நானும்தான செத்துப் பொழச்சேன்?"

"பொழைக்கலை," என்றாள் கயல்விழி.

"என்னுங்க?"

"நீங்க இன்னும் பொழைக்கலை தீனா. இந்தக் காளானைப் பத்தி உங்களுக்கு யாரோ பாதிதான் சொல்லியிருக்காங்க. வாந்தி பேதி ஆகும், வயசானவங்க தாங்க மாட்டாங்க, வாட்டசாட்டமான ஆள் ரெண்டு வாய் தின்னா ஒரு நாள் படுத்து எந்திரிச்சுடலாம். அப்படித்தானே?"

அவன் பார்வை மறுபடியும் அட்டைக்குப் போனது.

"மீதியை நான் சொல்றேன். வாந்தி நின்ன பிறகு அது உங்களை ஒரு நாளோ ரெண்டு நாளோ விட்டுவைக்கும். பசிக்கும், நடப்பீங்க, சிரிப்பீங்க. பார்க்கறவங்க எல்லாம் தப்பிச்சுட்டான்னு சொல்லுவாங்க. அந்த நேரத்துல உள்ளே கல்லீரல் செத்துக்கிட்டே இருக்கும். 'நல்லாயிட்டேன்'னு நீங்க சொல்றதுதான் அதோட அடையாளம்."

தீனதயாளன் உரக்கச் சிரித்தான். "நல்லா மெரட்டறீங்க! பயந்து போய் ஒத்துக்குவேன்னு பாத்தீங்களா?"

"அண்ணா," என்றான் சின்னராஜ். இந்தத் தடவை அவன் குரலில் விளையாட்டு இல்லை. "வண்டிக் கண்ணாடியில உங்க கண்ணப் பாருங்க. பாத்துட்டு வந்து சிரிங்க."

தீனதயாளன் அவனை முறைத்தான். பிறகு, அலட்சியமாக நடப்பவன்போல, வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் போனான். குனிந்தான். ஒரு விரலால் கீழ் இமையை இழுத்தான். அடுத்த கண்ணின் இமையையும் இழுத்தான். கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. மஞ்சள் கரைத்து ஊற்றியதுபோல இருந்தது.

கொட்டகைக்குள் கோழிகள் மறுபடியும் இரையத் தொடங்கின. அவன் நிமிர்ந்தபோது முகத்தில் இருந்தது வேறு ஆள்.

"ரெண்டே கரண்டிதானுங்க தின்னேன்," என்றான். "பேருக்குத்தான். ரெண்டு கரண்டிக்கெல்லாம் என்ன ஆயிருமுங்க?"

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சின்னராஜ் பெருமூச்சு விட்டான். கயல்விழி ஜீப்பின் பின்கதவைத் திறந்துவைத்தாள்.

"சேலத்துல டாக்டர் தயாரா இருக்காங்க. என்ன சாப்பிட்டீங்கன்னு தெரிஞ்சதால வேற மருந்து கொடுக்க முடியும். நேரம்தான் குறைவு."

அவன் கதவைப் பார்த்தான். மாமனின் தோப்பைப் பார்த்தான்.

"புத்துக்காளான் தின்னவனுக்கு இந்த மருந்து வேண்டியதில்லீங்களே. வண்டியில ஏறுனா ஒத்துக்கிட்ட மாதிரிதானுங்க?"

"ஆமா."

"ஏறலீன்னா?"

கயல்விழி கதவைப் பிடித்தபடியே நின்றாள். தூரத்தில் மறுபடியும் இடி உருண்டது. தீனதயாளன் செருப்பைக்கூட மாட்டாமல் நடந்து வந்து வண்டியில் ஏறினான்.

நெடுஞ்சாலையில் மழை கொட்டியது. வைப்பர் தள்ளத் தள்ளக் கண்ணாடி மறைந்தது. சின்னராஜ் லாரிகளை ஒவ்வொன்றாகக் கடந்து ஓட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் யாரும் கேட்காமலே பேசிக்கொண்டு வந்தான். ஊட்டியில் டீக்கடைக்காரர் ஒருவர் பைன் காட்டைக் காட்டி, அந்த வெள்ளைக் காளானைத் தொடாதே என்று எச்சரித்ததைச் சொன்னான். மாமன் நிலத்தை விற்கப் போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து தூக்கம் வராததைச் சொன்னான்.

"அந்தத் தோப்புல ஒவ்வொரு தென்னையும் நான் தண்ணி ஊத்துனதுங்க. மாமன் இல்லீன்னா சௌந்தர்யா எங்கிட்டயே உட்டுப்போட்டுப் போயிரும்னு நெனச்சேன். அதுக்கு நெலம் வேண்டாம். எனக்கு அது இல்லாம ஒண்ணுமே இல்லீங்க."

மல்லூர் தாண்டியதும் அவன் மூக்கிலிருந்து ரத்தம் ஒரு கோடாக இறங்கியது. அவன் அதைக் கவனிக்கவில்லை. கயல்விழி கைக்குட்டையை நீட்டினாள். அதை வாங்கிப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு வேறு குரலில் சொன்னான்.

"கிளினிக்குல ஒரே ஒரு நர்சுதானுங்க இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல டிரிப்ஸ் தீந்துபோச்சு. அது மாமங்கிட்டத்தான் மொதல்ல வந்துச்சு. மாமனுக்குப் பேச்சு தெணறித் தெணறித்தான் வந்துச்சு. கையால என்னைக் காட்டுனாரு. 'எனக்குப் பொறவு பாத்துக்கலாஞ் சாமி, மொதல்ல பையனப் பாரு, வாழோண்டிய பையன்'னாரு. அதுதானுங்க அவரு கடைசியாப் பேசுனது."

சின்னராஜ் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன். இதற்கு வண்டியின் வேகத்தை மட்டும் கூட்டினான்.

மருத்துவமனையில் கிருத்திகா வாசலிலேயே நின்றிருந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு தீனதயாளனை விழுங்கிக்கொண்டது. உள்ளே போவதற்கு முன், நினைவு தெளிவாக இருந்தபோதே, மருத்துவர் முன்னிலையில், கயல்விழி வரவழைத்திருந்த போலீசிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஒரு கான்ஸ்டபிள் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"குறைவா சாப்பிட்டதால ஒரு சின்ன வாய்ப்பு இருக்கு," என்றாள் கிருத்திகா. "ரொம்பச் சின்னது. எதிர்பார்க்காதே."

பொழுது சாயும் நேரத்தில் சௌந்தர்யா நனைந்தபடி வந்து சேர்ந்தாள். கயல்விழி போனில் சொன்னதைக் கேட்ட கையோடு ஊர்க் குழாயடிக்குப் போய், நாலு பேர் நடுவில் நின்று, கொன்றது மாரியாயி இல்லை என்று உரக்கச் சொல்லிவிட்டு, அவளைக் குடத்தோடு அங்கே நிறுத்திவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் குழாய்களுக்கு நடுவே மஞ்சளாக ஒரு முகம் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

"மேடம், அப்பா கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா? நான்தான் வந்து சேரல. பக்கத்துப் படுக்கையில இருந்தவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

சின்னராஜ் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று கயல்விழிக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அது அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியது. ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னாள்.

சௌந்தர்யா அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வேகமாக வெளியே வந்தாள். "அடுத்த சிகிச்சைக்கு உடனே கையெழுத்து வேணும். பேஷண்டோட சொந்தக்காரங்க யாராவது இருக்கீங்களா?"

கான்ஸ்டபிள் தலையை நிமிர்த்திப் பார்த்தார். யாரும் அசையவில்லை. நர்ஸ் இரண்டாவது முறை கேட்டாள்.

சௌந்தர்யா எழுந்தாள். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?"

பேனா காகிதத்தின் மேல் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது.

"மாமன் மகளுங்க," என்றாள். கையெழுத்துப் போட்டாள்.